வீடு வாங்கினால் மனசு மாறுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

"இளரத்தம், அப்படித்தான் துள்ளும். ஒரு கல்யாணம் ஆகட்டும், பிள்ளை குட்டி வரட்டும், தானாக அடங்கிவிடுவான்." ஊர்வலத்துக்குக் கிளம்புகிற பையனைப் பார்த்து இப்படிச் சொல்லாத பெரியவர் நம் வீடுகளில் அபூர்வம். இங்கிலாந்திலும் இதே பேச்சுதான். இருபது வயதில் இடதுசாரியாக இல்லாதவனுக்கு இதயம் இல்லை, நாற்பதில் பழமைவாதி ஆகாதவனுக்கு மூளை இல்லை என்பார்கள். சொன்னவர் சர்ச்சில் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சொல்லியிருந்தால் அவருக்கே இடித்திருக்கும். 25 வயதில் கன்சர்வேடிவ் என்ற பழமைவாதக் கட்சியின் எம்.பி. ஆனவர், 29 வயதில் லிபரல் கட்சிக்குத் தாவினார், ஐம்பதை ஒட்டித் திரும்பவும் பழைய முகாமுக்கே வந்து சேர்ந்தார்!

சரி, வயதாக ஆக மனிதர்கள் பழமைவாதிகள் ஆகிறார்களா? வயது மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பது என் வாதம். யாரோடு பழகுகிறோம், கையில் என்ன சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் என்று ஒரு கல்லூரி. 1932-இல் பெண்களுக்காகத் திறந்தார்கள். சேர்ந்தவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள், பெற்றோர் பெரும்பாலும் குடியரசுக் கட்சி, அதாவது அந்நாட்டுப் பழமைவாதிகளின் பக்கம். ஆசிரியர்களோ எதிரணியான ஜனநாயகக் கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட் பக்கம். அங்கே பாடம் நடத்திய தியோடர் நியூகோம் என்ற சமூக உளவியலாளர், 1936 அதிபர் தேர்தலின்போது மாணவிகளிடம் யாருக்கு ஆதரவு என்று கேட்டார். முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் குடியரசுக் கட்சியின் லாண்டனுக்கு. அப்பா அம்மா கட்சியேதான். மூன்றாம், நான்காம் ஆண்டுக்காரர்களிடம் லாண்டனுக்குக் கிடைத்தது வெறும் 15 சதவீதம். 30 சதவீதம் பேர் ரூஸ்வெல்ட்டையும் தாண்டி சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் வேட்பாளர்களிடம் போய்விட்டார்கள். விடுமுறைக்குப் போனபோது வீட்டில் என்ன ரகளை நடந்திருக்குமோ!

கல்லூரி மோகம், கல்யாணமானால் போய்விடும் என்றுதானே நினைப்போம்? நியூகோம் விடவில்லை. அந்தப் பெண்கள் நாற்பதைத் தாண்டிய பிறகு தேடிப் பிடித்துக் கேட்டார். 1960 தேர்தலில் பத்துக்கு ஆறு பேர் ஜனநாயகக் கட்சியின் கென்னடி பக்கம் நின்றிருந்தார்கள். அதே வசதியும் படிப்பும் உள்ள மற்ற பெண்களைவிட இது மிக அதிகம். பழைய கட்சிக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள். யாரென்று பார்த்தால், கணவரும் சுற்றியிருந்தவர்களும் குடியரசுக் கட்சிக்காரர்களாக அமைந்தவர்கள். எழுபதை நெருங்கிய 1984-இலும் பெரும்பாலானோர் குடியரசுக் கட்சியின் ரீகனை ஆதரிக்கவில்லை.

பெரியவர்கள் பேச்சில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1965-இல் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அமெரிக்கர்களை 1997 வரை விட்டுவிட்டுச் சந்தித்துக் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நகர்ந்தவர்களை மட்டும் எடுத்தால், இடமிருந்து வலம் போனவர்கள் அதிகம்.

ஏன் நகர்கிறார்கள்? இங்கே பிரிட்டனுக்கு வர வேண்டும். சொத்து உள்ளவன் நம் கட்சியை விட்டுப் போகமாட்டான் என்ற கணக்கு கன்சர்வேடிவ் கட்சிக்கு வெகுகாலமாக உண்டு. சொத்துடையோர் ஜனநாயகம் என்று 1923-லேயே ஸ்கெல்டன் என்ற அவர்களது எம்.பி. எழுதினார். அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் அதே கட்சியின் பிரதமர் தாட்சர். 1980-இல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சி வீடுகளில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தவருக்கு 33 சதவீதத் தள்ளுபடியில் அதே வீடு சொந்தம். இருபது வருஷம் இருந்தவருக்குப் பாதி விலை. லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். வாங்கிய வீடு எது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாமாம். வரிசை முழுக்க ஒரே மாதிரிக் கதவு இருந்த இடத்தில், வாங்கினவர் முதல் வேலையாக வாசற்கதவை மாற்றியிருப்பார். அப்புறம் வட்டி விகிதம், வீட்டு விலை, வரி எல்லாம் அவருக்குச் சொந்தக் கவலை.

அடுத்த தலைமுறைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இங்கிலாந்தில் 25 முதல் 34 வயதுக்காரர்களில் சொந்த வீட்டில் இருந்தவர்கள் 2003-இல் பத்துக்கு ஆறு பேர். பத்தே வருஷத்தில் அது நாலுக்கும் கீழே வந்துவிட்டது. வாக்குகளையும் பாருங்கள். எந்த வயதுக்கு மேல் இடதுசாரிப் பக்கமுள்ள லேபர் கட்சியைவிட கன்சர்வேடிவுக்கு அதிக வாக்கு விழுகிறது என்று யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கணக்கிடுகிறது. 2017-இல் அது 47, 2019-இல் 39. 2024-இல் அறுபதையும் தாண்டிவிட்டது. ஐந்து வருஷத்துக்குள் இருபது வயதுக்கும் மேல் கோடு தள்ளிப்போயிருக்கிறது. மனிதர்களுக்கு நரைக்கிற வேகம் அப்படி மாறுமா? அப்போதைய கன்சர்வேடிவ் ஆட்சியின் மீதிருந்த கோபமும் வீட்டு வாடகையும் சேர்ந்து செய்த வேலை அது.

நம் ஊரில் இதை வாக்குச்சாவடியில் தேடினால் கிடைக்காது, வரன் பார்க்கிற இடத்தில் தேட வேண்டும். 1967-இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தபோது இருபதுகளில் இருந்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. பேத்திக்கு ஜாதகம் வந்தால் "நம்மாளுங்கதானா?" என்று முதலில் கேட்கிறவர்களை அவர்களிலும் பார்க்கிறேன். ஆனால் பேத்தி தலைமுறை மட்டும் என்னவாம்? 2011-12-இல் நாடு முழுக்க நடந்த மனிதவள மேம்பாட்டு ஆய்வில் சாதி மாறி மணந்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இளைஞர்கள் எல்லாரும் முற்போக்காகத் தொடங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரிட்டனில் வாடகை வீட்டிலேயே நாற்பதைத் தொட்டவர்களில் பலருக்கு ஒரு நாள் பெற்றோர் வீடு வந்து சேரும். பெற்றோர் 85, 90 வரை இருக்கிற காலம் இது. அப்போது பிள்ளைகளுக்கே அறுபது ஆகியிருக்கும். பெற்றோருக்கு வீடே இல்லாதவர்களுக்கு அதுவும் வராது. ஒரே வயது, ஒரே காலத்து வளர்ப்பு, ஒருவர் கையில் வீடு, இன்னொருவர் கையில் வாடகை ரசீது. இந்த இரண்டு பேரும் வாக்கைப் பிரித்துப் போட்டால், வயதின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

நன்றி. வணக்கம்.