‘எப்போதாவது’ என்ற ஒரு சொல்: குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கு வேலை ஏன் கிடைப்பதில்லை?

[திரையில்: வேலை விண்ணப்பப் படிவம். பேனா வரிவரியாக இறங்கி, ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது.]

குரல்: பெயர் எழுதியாயிற்று. முகவரி, படிப்பு, முன் அனுபவம் எல்லாம் எழுதியாயிற்று. இங்கே வந்ததும் பேனா நகர மறுக்கிறது. ‘நீங்கள் எப்போதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.

இந்தக் கேள்வியில் என் கண்ணை உறுத்துவது ‘எப்போதாவது’ என்ற சொல்தான். போன வருட மோசடியும் இருபது வருடங்களுக்கு முந்தைய அடிதடியும் அதற்கு ஒன்றுதான். நீதிபதி விதித்த தண்டனைக்குக்கூட முடிவுத் தேதி உண்டு. இந்தக் கட்டத்துக்குக் கிடையாது.

[திரையில்: 34, 17, 14, 5 என்ற நான்கு எண்கள்.]

‘ஆம்’ என்று டிக் அடித்தால் என்ன ஆகும்? 2001இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். வெள்ளையர் இருவர், கறுப்பினத்தவர் இருவர் என நான்கு இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். யாரும் உண்மையில் சிறைக்குப் போனவர்கள் அல்லர். ஒவ்வொரு ஜோடியிலும் வாரம் ஒருவராக மாறி மாறி, போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றவராக நடித்தார்கள். பழைய வழக்கு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களில் மறு அழைப்பு வந்தது. வழக்கு இருந்தால் 17. கறுப்பினத்தவருக்கு வழக்கு இல்லாதபோது 14, இருந்தால் 5.

நடுவில் உள்ள இரண்டு எண்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். சிறைக்குப் போனதாகச் சொன்ன வெள்ளையருக்கு, எந்த வழக்கும் இல்லாத கறுப்பினத்தவரைவிட அதிக அழைப்புகள்!

கட்டத்தையே எடுத்துவிட்டால்? 1998இல் ஹவாய் மாநிலம் அதைத்தான் செய்தது. வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் பழைய வழக்கைப் பற்றி விசாரிக்கலாம் என்று சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்கள் ஏதாவது ஒரு வடிவில் அதே வழியில் வந்தன. நல்ல யோசனைதான். ஆனால் அமாண்டா அகன், சோன்யா ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சுமார் 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கட்டம் இருந்த காலத்தில் கறுப்பினத்தவரைவிட வெள்ளையருக்கு 7 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்த நிறுவனங்களில், கட்டம் போன பிறகு அது 43 சதவீதமானது. கேட்கத்தான் தடை, ஊகிக்கத் தடை இல்லையே! விடை தெரியாத முதலாளி, கறுப்பினத்தவரின் பெயரா வெள்ளையரின் பெயரா என்று பார்த்தே விடையை முடிவு செய்துகொண்டார்.

[திரையில்: காலண்டர் தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.]

அதனால் கேள்வியை மறைப்பதோடு நின்றுவிட முடியாது. குற்றப் பதிவுக்கே காலாவதித் தேதி வேண்டும். இதை இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்லவில்லை. 1980இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முறையாகக் கைதானவர்களின் பிற்கால வாழ்க்கையை ஆல்ஃப்ரெட் பிளம்ஸ்டீன், கிமினோரி நகமுரா ஆகிய குற்றவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 18 வயதில் கொள்ளை வழக்கில் சிக்கியவர் அடுத்த 7.7 ஆண்டுகள் வேறு வழக்கில் சிக்காமல் இருந்தால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள எவரையும் போன்றதே. அதற்குப் பிறகும் அந்தப் பழைய தாளைப் புரட்டுவதால் முதலாளிக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

பிரிட்டன் இதை 1974லேயே சட்டமாக்கியது. குறிப்பிட்ட காலம் கடந்தால் தண்டனை ‘தீர்ந்தது’ என்று கணக்கு. பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. குழந்தைகளோடு பழகும் பணி போன்றவை விதிவிலக்கு. அது நியாயம்தான்.

அமெரிக்காவில் மனுப் போட்டால்தான் பதிவு நீங்கும் என்பது வழக்கம். இங்கேதான் சிக்கல். மிச்சிகன் மாநிலத்தில் தகுதி பெற்றவர்களில் 6.5 சதவீதம் பேர்தான் ஐந்து ஆண்டுகளுக்குள் பதிவு நீக்கத்தைப் பெற்றார்கள். கட்டணம், அலைச்சல், படிவங்கள், நீதிமன்ற வாசலை மறுபடி மிதிக்கும் பயம்... யார் போவார்கள்? பெற்றவர்களுக்கோ ஒரே ஆண்டில் சம்பளம் சுமார் 22 சதவீதம் உயர்ந்தது. பென்சில்வேனியா 2018இல் வேறு வழி கண்டது: தகுதியுள்ள பதிவுகளை மனு இல்லாமலே கணினி தேடி மூடிவிடும்.

முதலாளியின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கல்லாவை நம்பி ஒப்படைப்பவர் அவர். 1966 முதல் அமெரிக்கத் தொழிலாளர் துறை இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. பழைய வழக்கோடு வேலைக்கு வருபவர் திருடினால் 5,000 டாலர் வரை ஈடு தரும் பிணைப்பத்திரம், முதல் ஆறு மாதங்களுக்கு இலவசம்.

[திரையில்: மறுபடி அதே படிவம்.]

இந்தப் படிவத்தை என்னிடம் கொடுத்தால் ‘எப்போதாவது’ என்பதை அடித்துவிடுவேன். ‘கடந்த ஏழு ஆண்டுகளில், இந்த வேலையோடு நேரடித் தொடர்புள்ள குற்றத்துக்காக’ என்று மாற்றுவேன். காசாளருக்குப் பண மோசடி பொருட்டு, ஓட்டுநருக்குக் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது பொருட்டு. கீழே நான்கு வரி காலி இடம் விடுவேன், நடந்ததை அவரே சொல்ல.

[திரையில்: பேனா நகர்கிறது. அடுத்த கேள்வி: ‘எந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வர முடியும்?’]