காத்திருப்பைக் காட்டுவது படமா, தொடரா?

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பிடித்த போர்ப் படங்களையும் போர்த் தொடர்களையும் அருகருகே வைத்து இன்று பேசப்போகிறேன். இரண்டாம் உலகப் போருடன் நிறுத்திக்கொள்கிறேன்; எல்லாப் போர்களையும் எடுத்தால் இந்தக் காணொளி விடிய விடிய ஓடும். சில காட்சிகளை விவரித்தே ஆக வேண்டும் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

1998இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்திலிருந்து தொடங்குகிறேன். 1944இல் அமெரிக்கப் படைகள் தரையிறங்கிய பிரான்ஸின் ஒமாஹா கடற்கரையில் படகின் முன்கதவு விழுந்ததுமே, முன்வரிசையில் நிற்பவர்கள் கால் நனைவதற்குள் சுட்டு வீழ்த்தப்படுகிறார்கள். 20 நிமிடங்களுக்கும் மேல் நீளும் அந்தக் காட்சியை இன்றும் என்னால் இயல்பாக மூச்சுவிட்டுக்கொண்டு பார்க்க முடியவில்லை. ஆனால், விழுந்தவர்களில் பெரும்பாலோருடைய பெயர் நமக்குத் தெரியாது.

அதே ஸ்பீல்பெர்க்கும் அந்தப் படத்தின் நாயகன் டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து தயாரித்து, 2001 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்பிஓவில் தொடங்கிய ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொடர் 10 பகுதிகள் கொண்டது. அதன் முதல் பகுதியில் பெரும்பாலும் பயிற்சிதான். அமெரிக்கப் பாராசூட் படையின் ‘ஈஸி கம்பெனி’ என்ற பிரிவின் வீரர்களுக்கு வயிறு முட்ட ஸ்பகெட்டி பரிமாறப்படுகிறது, பாதிச் சாப்பாட்டில் அதிகாரி சோபல் வந்து, எழுந்து மலையேறி ஓடச் சொல்கிறார், வழியெல்லாம் வாந்தி. வேடிக்கை போல வந்துபோகும் இந்தக் காட்சிகளில்தான் யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்பதை நாம் அறிந்துகொள்கிறோம். அதனால்தான் ஆறாம் பகுதியில், 1944 டிசம்பரில், பெல்ஜியத்தின் பாஸ்டோனை ஒட்டிய பனிக்காட்டில் மருத்துவ உதவியாளர் யூஜின் ரோ ஒவ்வொரு பதுங்குகுழியாகப் போய், கத்தரிக்கோல் இருக்கிறதா, வலி நீக்கும் மார்ஃபின் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடப்பது, எந்தப் பெரிய சண்டைக் காட்சியையும்விட என்னை உலுக்குகிறது. குண்டு எப்போது விழும் என்று தெரியாத அந்தக் காத்திருப்பை இவ்வளவு நிதானமாகக் காட்டும் வசதி இரண்டரை மணி நேரப் படத்துக்கு அரிதாகவே கிடைக்கும்.

அதே அணியினர் 2010இல் கொண்டுவந்த ‘தி பசிஃபிக்’ எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை. மூன்று வீரர்களின் கதைகள் தனித்தனியே போவதால், ஒருவரோடு பழகுவதற்குள் அடுத்தவரிடம் போய்விடுகிறோம். பெலிலியு தீவுப் பகுதிகளுக்காக மட்டும் அதை மறுபடி பார்ப்பேன்.

படமா, தொடரா என்ற கேள்விக்கு நல்ல உரைகல் வோல்ஃப்காங் பீட்டர்சனின் ‘தாஸ் போட்’. ஒரே படப்பிடிப்பிலிருந்து 1981இல் 149 நிமிடப் படமும், பின்னர் ஏறத்தாழ 5 மணி நேரத் தொலைக்காட்சித் தொடரும், 1997இல் இரண்டுக்கும் இடைப்பட்ட, மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவான பதிப்பும் உருவாயின. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கதை அது. தலைக்கு மேல் தொத்திறைச்சியும் ரொட்டியும் தொங்குகின்றன. இருக்கும் இரண்டு கழிப்பறைகளில் ஒன்றிலும் உணவுப் பொருட்களை அடைத்துவிட்டதால், கப்பல் முழுவதற்கும் மிஞ்சுவது ஒன்றுதான். அந்த இடுக்கில் ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ கேமராவைக் கையில் ஏந்திக்கொண்டு, நடிகர்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறார். எதிரிக் கப்பலின் சுழலி ஓசை மேலே நெருங்க நெருங்க, அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். டிவியின் சிறிய ஒலிபெருக்கியில் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

இதுவரை தொடரின் பக்கமே பேசிவந்த நான், இந்த ஒன்றில் மட்டும் தடுமாறுகிறேன். 5 மணி நேரப் பதிப்பில் கடலில் ஒன்றுமே நடக்காத நாட்களின் அலுப்பு உண்மையாகவே நம்மையும் பிடித்துக்கொள்கிறது. கதைக்கு அது தேவைதான். ஆனால், தொடராகப் பகுதி பகுதியாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம். கப்பலுக்குள் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஜிப்ரால்டர் நீரிணையில் கப்பல் 280 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் தரைதட்டி, குழாய்கள் வெடித்துத் தண்ணீர் பீறிடும் அந்த இரவை, எழுந்துபோக வழியில்லாமல் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். ஆகவே ‘தாஸ் போட்’டுக்கு 1997 பதிப்பையே சொல்வேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கி வையுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.