டிராயர்ல 21 வருஷம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. புதுப் பூச்சி கண்டுபிடிச்சாங்கன்னு நியூஸ் வந்தா நம்ம மனசுல ஒரு படம் ஓடும். ஒருத்தர் வலையும் கையுமா காட்டுக்குள்ள போறாரு, யாரும் பாக்காத ஒண்ணைப் பிடிக்கிறாரு, அங்கேயே பேரும் வச்சிடுறாரு. பிடிக்கிறது என்னமோ ஒரு நாள் வேலைதான். அதுக்கப்புறம் அது மியூசியத்து மேஜை டிராயருக்குள்ள போயிடும். 2012ல வந்த ஒரு ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பாத்துச்சு, எல்லா வகை உயிரினத்தையும் சேத்து, ஒரு மாதிரியை, அதாவது ஆராயறதுக்காகப் பிடிச்சு வச்ச ஒரு உயிரை, சேகரிச்ச நாள்லேருந்து அதுக்குப் பேரு வர்ற வரைக்கும் சராசரியா 21 வருஷம் ஆகுதாம். பிறந்த குழந்தை காலேஜ் முடிச்சிடும்ங்க. அந்த 21 வருஷத்தைப் பத்திதான் நான் பேச வந்தேன்.

வண்டு எல்லாம் சேந்து ஒரு வரிசை, பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் சேந்து இன்னொரு வரிசை, இப்படித்தான் பூச்சிகளைப் பெரிய பெரிய வரிசையா பிரிச்சு வச்சிருக்காங்க. 1914க்கு அப்புறம் இதுல புது வரிசைன்னு எதுவும் சேரலை, எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்தாங்க. 2002ல ஒண்ணு சேந்துச்சு, மாண்டோஃபாஸ்மட்டோடியான்னு பேரு. அது முதல்ல எங்க மாட்டுச்சுன்னு நினைக்கிறீங்க? பால்டிக் அம்பருக்குள்ள, அதாவது கல்லா இறுகிப்போன பழங்கால மரப்பிசினுக்குள்ள, உறைஞ்சு கிடந்த ஒரு பூச்சியிலயும், மியூசியத்துல பல பத்து வருஷமா ஊசியில நின்னுக்கிட்டிருந்த ஆப்பிரிக்கப் பூச்சிங்கள்லயும். அதுக்குப் பிறகுதான் நமீபியாவுல பிராண்ட்பெர்க் மலைக்குப் போயி உயிரோட தேடிப் பிடிச்சாங்க.

ஏன் இவ்வளவு லேட்டாகுதுன்னா, வேலை அப்படி. ஒரு சின்னக் குளவியை எடுத்துக்குங்க, கடுகு சைஸ்கூட இருக்காது. அதை ஊசியில குத்த முடியாது, முக்கோணமா வெட்டின அட்டை நுனியில ஒரு பொட்டு பசை வச்சு ஒட்டி, அந்த அட்டையைத்தான் ஊசியில ஏத்தணும். வெளியில பாத்தா ரெண்டு இனமும் ஒரே மாதிரி இருக்கும், அப்ப ஆண் பூச்சியோட வயித்து நுனியைப் பிரிச்சு வெதுவெதுப்பான பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊற வைப்போம், சதையும் கொழுப்பும் கரைஞ்சு போயி உள்ள இருக்கற கெட்டியான இனப்பெருக்க உறுப்பு மட்டும் தேன் கலர்ல மிஞ்சும். அதை கிளிசரின் சொட்டுல வச்சு மைக்ரோஸ்கோப்புல திருப்பித் திருப்பிப் பாக்கணும். ஒரு இனத்துக்கு அந்த நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், இன்னொண்ணுக்கு மொட்டையா இருக்கும். எத்தனையோ பூச்சிக் கூட்டங்கள்ல அந்த வித்தியாசம்தான் முக்கியமான சாட்சி. பாத்து முடிச்சதும் குட்டிக் குப்பியில போட்டு அதே ஊசியில மாட்டிடணும், தொலைஞ்சா போச்சு.

இதுக்கப்புறம்தான் பெரிய வேலையே. விலங்குகளுக்குப் பேரு வைக்கிற கணக்கு 1758ல, லின்னேயஸ்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி எழுதின புத்தகத்தோட பத்தாவது பதிப்புலேருந்து ஆரம்பிக்குது. முதல்ல வச்ச பேருக்குத்தான் உரிமை. அதனால அன்னைலேருந்து இன்னைக்கு வரைக்கும் இந்தப் பூச்சிக் கூட்டத்தைப் பத்தி யார் யார் என்ன எழுதினாங்களோ, லத்தீனோ ஜெர்மனோ ரஷ்யனோ, அத்தனையும் தேடிப் படிச்சாகணும். எழுத்து போதாம இருந்தா அவங்க பாத்த அதே பூச்சியை, ஹோலோடைப்னு சொல்றோமே, பேரு எதை வச்சு நிக்குதோ அந்த ஒத்தை மாதிரியை, அது எந்த நாட்டு மியூசியத்துல இருந்தாலும் பாக்கணும். 2018ல ரியோ டி ஜெனிரோ தேசிய மியூசியம் எரிஞ்சப்ப சுமார் 50 லட்சம் பூச்சி மாதிரிங்க போச்சு, ஹோலோடைப்புங்களும் அதுல சேத்தி. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நான் சாப்பிடலைங்க.

டிஎன்ஏ வந்துடுச்சே, சீக்கிரம் முடிஞ்சிடாதான்னு கேப்பாங்க. 2004ல கோஸ்டா ரிக்காவுல ஒரே இனம்னு நினைச்ச பட்டாம்பூச்சிக்குள்ள பத்து இனம் இருக்குன்னு டிஎன்ஏவும் கம்பளிப்பூச்சிங்க தின்ன செடிகளும் சேந்து காட்டுச்சு. சந்தோஷம்தான், ஆனா ஒரு பேரு இருந்த இடத்துல இப்ப பத்துப் பேரு வேணும், எழுத ஆள் அதே ஆள்தான்.

பேரை நிதானமா வைக்கணும். 1930கள்ல ஸ்லோவேனியா குகையில வாழற ஒரு கண்ணில்லாத வண்டுக்கு ஹிட்லர் பேரை வச்சாங்க, விதிப்படி மாத்த முடியாது. இப்ப அந்தப் பேருக்காகவே ஆளுங்க அதைப் பிடிச்சு விக்கிறாங்க. வண்டு என்ன பாவம் பண்ணுச்சு? நல்ல பேரும் இருக்கு. ஆஸ்திரேலியாவுல 60 மீட்டர் ஆழத்துல துளை போட்ட குழியிலேருந்து 1306 கால் இருக்கற ஒரு மரவட்டை வந்துச்சு, 2021ல அறிவிச்சாங்க, கிரேக்கக் கதையில வர்ற பாதாளத்து ராணி பெர்செஃபோனி பேரை வச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு அது. இன்னொண்ணு, பேருதான் லத்தீன் எழுத்துல இருக்கணும், விவரணையை எந்த மொழியில வேணா எழுதலாம்னு விதி, தமிழ்லயும் எழுதலாம்ங்க.

எங்கிட்ட ஒரு குளவி இருக்கு. பதினோரு வருஷமா. கருப்பு உடம்பு, மஞ்சக் கால், ரெண்டு மில்லிமீட்டர். ஒரே ஒரு பெண். தெரிஞ்ச எந்த இனத்தோடயும் ஒத்துப் போகலை, ஆனா ஆண் இல்லாம எழுதத் துணிச்சல் வரலை, ஒவ்வொரு வருஷமும் வெளிய எடுத்துப் பாப்பேன், திரும்ப வச்சிடுவேன். போன மாசம் அதே இடத்துல, அதே புதர்ல ஒரு ஆண் மாட்டியிருக்கு. வயித்து நுனியை இன்னும் பிரிக்கலை. திங்கக்கிழமை காலையில உக்காரப் போறேன். நன்றிங்க.