தேங்காய் அளவில் ஓர் உருண்டை: வீட்டில் கட்டிய கார் ஐ.வி.ஏ. தேர்வுக்குத் தயாராகிறது

(காட்சி: கராஜ். மேசை மேல் மரத்தில் கடைந்த ஓர் உருண்டை. பின்னணியில் பாதி மூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்.)

இந்த உருண்டையின் விட்டம் 100 மில்லிமீட்டர். உரித்த தேங்காய் ஒன்றைக் கையில் எடுத்தால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இரண்டு வருடம் பாடுபட்டுக் கட்டிய காரை ஒரே காலையில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வல்லமை இதற்கு உண்டு. எப்படி என்பதைப் பார்க்கத்தான் இந்த வீடியோ.

முதலில் இடம். நாம் பேசப்போவது பிரிட்டனைப் பற்றி. அங்கே சேசிஸ் எனும் அடிச்சட்டகம், உடல் தகடு, எஞ்சின், சக்கரம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வாங்கி, தானே காரைக் கட்டிக்கொள்வது பழைய பொழுதுபோக்கு. இதற்குப் பெரிய காரணம் வரி. 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார், முழுக் காராக வந்தால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வந்தால் இல்லை. வரியை மிச்சம் பிடிக்க ஸ்பானரைக் கையில் எடுத்தவர்கள் ஏராளம். 1973இல் அந்த வரி போய் வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி வந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. வரிச் சலுகை முடிந்தும் பழக்கம் விடவில்லை. இன்று மாஸ்டா எம்.எக்ஸ்-5, ஃபோர்டு சியரா போன்ற பழைய கார் ஒன்றின் உறுப்புகளைக் கழற்றி, செவன் பாணியில் புதிய கார் கட்டுகிறார்கள்.

1998 முதல் இப்படிப்பட்ட கார்களுக்கு எஸ்.வி.ஏ. என்ற தேர்வு இருந்தது. 2009இல் அதன் இடத்துக்கு வந்ததுதான் ஐ.வி.ஏ., அதாவது தனி வாகன அங்கீகாரம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இதை நடத்துவது டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு. இதில் தேறாமல் நம்பர் பிளேட் கிடையாது.

(காட்சி: மேசையில் ரசீதுகள், புகைப்படங்கள்.)

காகித வேலையைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். காரை நீங்களே, உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டினீர்கள் என்று காட்ட வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே படம் எடுங்கள். படத்தில் நீங்களும் கொஞ்சம் தெரியுங்கள். எஞ்சின் எந்த ஆண்டில் தயாரானது என்பதற்கும் சான்று வாங்கிவிடுங்கள். புகைச் சோதனையின் அளவுகோல் எஞ்சினின் வயதைப் பொறுத்தது. 1975 ஆகஸ்டுக்கு முந்தைய எஞ்சின் என்றால் கண்ணால் பார்க்கும் சோதனையோடு போய்விடும். வயதைக் காட்ட முடியாவிட்டால் கிழட்டு எஞ்சின், இளைஞர்களின் ஓட்டப்பந்தயத்தில் நிற்க நேரும்.

இனி உருண்டை.

(காட்சி: உருண்டை காரின் மூக்கிலிருந்து மெல்ல உருண்டு வருகிறது.)

விதி இதுதான். காரின் வெளிப்புறத்தில் இந்த 100 மில்லிமீட்டர் உருண்டை எங்கெல்லாம் தொடுகிறதோ, அங்கெல்லாம் விளிம்பு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கம்பியின் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறதோ, அவ்வளவு. தரையை ஒட்டிய அடிப்பகுதிக்கும், 2 மீட்டர் உயரத்துக்கு மேலே உள்ளவற்றுக்கும் விலக்கு. செவனின் உயரத்தில் இரண்டாவது விலக்கால் ஒரு பயனும் இல்லை.

கேட்கும்போது எளிது. தெருவில் நிற்கும் ஒரு சாதாரணக் காரில் கையை ஓட்டிப் பாருங்கள். தகடு, கண்ணாடி, பிளாஸ்டிக், எல்லாம் வழவழ. இப்போது செவன் மாதிரிக் காரைப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு போல்ட், நட், நட்டைத் தாண்டி மூன்று திருகு மரை. விளக்கைத் தாங்கும் பட்டை அலுமினியத்தில் வெட்டியது. அதன் ஓரம் கத்தி. சைலன்சர் குழாய் பக்கவாட்டில் ஓடுகிறது. அதன் வாய் வட்டமாக வெட்டிய பிளேடு. சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டால் தகட்டின் விளிம்பு காத்திருக்கிறது. பாதசாரி ஒருவர் மோதினால் இவை என்ன செய்யும் என்பதே உருண்டை கேட்கும் கேள்வி.

தீர்வு, சொல்லப்போனால், அழகற்றது. நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி. தகட்டின் ஓரங்களுக்கு யு வடிவ ரப்பர் பட்டை. இரண்டையும் சும்மா செருகி வைத்துவிட்டு வரக் கூடாது. பிடுங்கினால் கையோடு வருவதை ஆய்வாளர் நிரந்தரப் பொருத்தமாக ஏற்க மாட்டார், பசை போட்டு ஒட்டுங்கள். இதைவிட நல்லது, கட்டும்போதே யோசிப்பது. போல்ட்டின் தலையை வெளிப்பக்கமும் நட்டை உள்பக்கமும் வைத்தால் பாதித் தொப்பிகள் தேவைப்படாது. குமிழ்த் தலை போல்ட் போட்டால் இன்னும் குறையும். நான் இதையெல்லாம் கட்டி முடித்த பிறகு கற்றேன். ஆகவே என் காரில் தொப்பிகள் அறுபதுக்கு மேல்.

பழைய பந்தயக் கார்களின் தோற்றத்துக்கு ஆசைப்பட்டு, சக்கரத்தின் நடுவில் இறக்கை வைத்த நட் மாட்டுகிறவர்கள் உண்டு. இறக்கை நட்டுக்கு விதியில் இடமே இல்லை. தேர்வுக்கு முன்பே இறக்கை இல்லாததை மாட்டிவிடுங்கள்.

(காட்சி: டேஷ்போர்டு. பெரிய உருண்டை ஒன்று இருக்கையிலிருந்து முன்னே வருகிறது.)

உள்ளே வந்தால் உருண்டை பெரிதாகிறது: 165 மில்லிமீட்டர். இது மனிதத் தலைக்குப் பதிலாக வந்திருக்கிறது. அந்தத் தலை முன்னே பாய்ந்தால் எதில் இடிக்கும்? டேஷ்போர்டின் கீழ் விளிம்பு குறைந்தது 19 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். தட்டையான அலுமினியத் தகட்டை அப்படியே நிறுத்தி டேஷ்போர்டு என்று பெயர் வைத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தகட்டின் அடியில் ஒரு குழாயை நீளவாக்கில் கீறிப் பொருத்தி, மேலே ரெக்சின் போர்த்துவது கராஜ் வழக்கம்.

அடுத்தது சுவிட்சுகள். போர் விமானத்தில் இருப்பது போல நீளமான உலோகச் சுவிட்சுகளை வரிசையாக வைக்க எல்லோருக்கும் ஆசை. அவை நேராகத் தலையை நோக்கி நிற்கும் ஆணிகள். ஒரு வழி இருக்கிறது: ஸ்டியரிங் வட்டத்துக்குப் பின்னாலும், அதைச் சுற்றி 127 மில்லிமீட்டர் அகலத்துக்கும் உள்ள பகுதிக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. முடிந்தவரை சுவிட்சுகளை அந்த வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். பயணி பக்கம் வெறுமையாக இருந்தால் என்ன, அவருக்கு வேடிக்கை பார்க்கச் சாலை இருக்கிறது.

(காட்சி: பின் சக்கரம், பிரேக் டிரம்.)

பிரேக். கனமான காரிலிருந்து கழற்றிய பின் பிரேக்கை அறுநூறு கிலோகூட இல்லாத காரில் மாட்டினால், முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். கார் பம்பரம் ஆகும். தேர்வில் முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின்னால் சிறிய சிலிண்டர் போடலாம், அல்லது பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைக்கலாம். அளவைத் திருகி மாற்றக்கூடிய அமைப்பாக இருந்தால், சரியான இடத்தில் வைத்து, யாரும் திருக முடியாதபடி சிறு ஆணி அடித்துப் பூட்டிவிட வேண்டும்.

பிரேக் எண்ணெய் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு ஒன்றும் வேண்டும். அந்த விளக்கு எரிகிறதா என்று சோதித்துப் பார்க்க வழியும் வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் படிக்காமல் விட்டேன். முதல் தடவை நான் தோற்றது இதற்கும், கண்ணாடித் தாங்கியின் அடியில் மறந்துபோன ஒரு நட்டுக்கும். இருநூறு ரூபாய் பெறாத ஒரு சுவிட்சுக்காக மறுதேர்வுக் கட்டணம் கட்டினேன்.

ஸ்டியரிங்கில் பலரைக் கவிழ்ப்பது தானே நேராவது. ஓடும்போது சக்கரத்தைத் திருப்பிக் கையை விட்டால் அது நடுவை நோக்கித் திரும்ப வேண்டும். இலேசான காரில் முன்னால் எடையே இல்லை. திருப்பிய இடத்தில் திருப்பியபடி நிற்கும். கையை விட்டும் சைக்கிள் நேராகப் போவதற்கு அதன் முன் கவை சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரில் அந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். அதைக் கூட்டுங்கள்.

(காட்சி: விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.)

விளக்குகளை அளவுநாடா வைத்தே பொருத்துங்கள். டிப் ஹெட்லைட் தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்டிகேட்டருக்கு 350. பின்னால் வைக்கும் ஃபாக் விளக்கு, அதாவது மூடுபனி விளக்கு, ஒன்றே ஒன்றானால் நடுவில் அல்லது ஓட்டுநர் பக்கம், அதாவது வலப்பக்கம். பிரேக் விளக்கிலிருந்து 100 மில்லிமீட்டராவது தள்ளி. ஒயர்களை 300 மில்லிமீட்டருக்கு ஒரு கிளிப் வீதம் கட்டுங்கள்.

முழு விண்ட்ஸ்கிரீன் வைத்தால் வைப்பர், வாஷர், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் ஏற்பாடு மூன்றும் வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் சிலர் உள்ளங்கை அகலக் காற்றுத் தடுப்பு மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியத் தேர்வுக்குப் போகிறார்கள். தந்திரம் சட்டப்படி சரி, ஜனவரியில் போகாதீர்கள்.

ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம்: பத்து சதவீதமும் அதற்கு மேல் 6.25 மைலும் வரை. அதாவது 40 மைலில் போகும்போது முள் 50.25 வரை பொய் சொல்லலாம். ஆகவே சற்றுக் கூட்டியே அமைத்துக்கொண்டு போங்கள். சைலன்சர் சத்தத்துக்கு எல்லை 99 டெசிபெல். குழாயின் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி கோணத்தில் மைக் வைத்து அளப்பார்கள். அண்டை வீட்டாரின் எல்லை வேறு.

(காட்சி: டிரெய்லரில் ஏற்றிய கார். விடியற்காலை.)

முன்பதிவு செய்த தேர்வுக்குப் பதிவில்லாத காரை ஓட்டிப்போகச் சட்டத்தில் இடம் உண்டு. சேசிஸ் எண்ணை வைத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். இருந்தாலும் நான் டிரெய்லரில்தான் போனேன். முதன்முதலாகச் சாலையைப் பார்க்கும் கார், தேர்வு நாளிலேயே எண்ணெய் ஒழுக வேண்டாம் என்ற பயம். கருவிப்பெட்டி, உபரித் தொப்பிகள், ரப்பர் பட்டை, பசை எல்லாம் கூட வரட்டும். சிறு குறைகளை அங்கேயே சரிசெய்ய ஆய்வாளர் விட்டாலும் விடுவார். கேட்காமல் விளக்கம் சொல்லாதீர்கள்.

தேறினால் அங்கீகாரச் சான்றிதழ். அதோடு, கட்டிய காரின் விவரங்களை எழுதும் வி627/1 படிவத்தையும் மற்றவற்றையும் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். எல்லாப் பாகங்களும் புதியவை, அல்லது ஒன்று மட்டும் புதுப்பித்தது என்று நிரூபித்தால் நடப்பு ஆண்டின் எண் கிடைக்கும். பாகங்களின் வயதே தெரியாவிட்டால் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண்.

(காட்சி: நம்பர் பிளேட் மாட்டிய கார். முன் சக்கரத்தருகே கேமரா.)

நம்பர் பிளேட் வந்த அன்றே தொப்பிகளையும் ரப்பரையும் பிய்த்து எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார் அழகாகத்தான் ஆகிறது. என் பக்கத்து வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. இந்தக் காரைக் கண்டால் ஓடிவந்து சஸ்பென்ஷனைப் பிடித்துக்கொள்ளும். என் தொப்பிகள் அப்படியே இருக்கின்றன. மழையில் இரண்டு உதிர்ந்தன. புதிதாக ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன்.