கானை யார் வாருவது?

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழையில் நம் இலங்கை மலையகத்துக் கொத்மலை ஓயா (ஆறு) பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடும். அந்த நிறம் நம் மேல்மண்.

காடு போனால் மண் நிற்காது என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்துதான் இருந்தது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையால் 1873இல் 5000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை அழிக்கத் தடை வந்தது. அதற்குக் கீழே பெரும்பகுதி கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போய்விட்டது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1996இல் திருத்தினார்கள். ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

தேயிலைத் தோட்டத்தில் மண்ணைக் காப்பது கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டம் விட்டு வெட்டுவார்கள். உள்ளே சில அடிக்கொரு தடுப்பு, கரையைவிடச் சற்றுத் தாழ்வாக. மழைத்தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் தேங்கி, அடித்து வந்த மண்ணை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த குழிக்கு வழியும். நல்ல ஏற்பாடு, குழியில் சேரும் மண்ணை அவ்வப்போது வாரி எடுத்துக்கொண்டிருக்கும்வரை. வாராமல் விட்டால் தண்ணீர் ஓரிடத்தில் கரையை உடைத்துக்கொண்டு மலையை அறுத்துவிடும். அப்படிப்பட்ட கானுக்குக் கானே இல்லாதிருப்பது மேல்.

பெரட்டில் (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) ஆள் குறைந்தால் முதலில் நிற்பது இந்த வேலைதான். கொழுந்துக்கு அன்றன்றே நிறுவை உண்டு, ஓயாவில் போன மண்ணை யார் நிறுக்கிறார்கள்? மறுநடுகைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு நிலத்தைத் தேற்றச் சொல்கிறது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். வருமானமில்லாத இரண்டு வருடம் என்றால் நிர்வாகத்துக்குக் கசக்கும்.

தேயிலையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வெலிமடைப் பக்கம் செங்குத்தான சரிவிலும் உருளைக்கிழங்கு. உமா ஓயா வாரிக்கொண்டு வருவது ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது.

சட்டம் காணிச் சொந்தக்காரரிடம் பேசுகிறது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, மண்வெட்டி மட்டும் நம்முடையது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் மரக்கறி போடுகிறவரிடம் உறுதிப் பத்திரம் இல்லை. நாளை யார் கைக்குப் போகுமென்று தெரியாத துண்டில் கல் அடுக்கி அணை கட்ட யாருக்கு மனம் வரும்? 2014இல் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியபோதும் எச்சரிக்கை முன்பே இருந்தது. போக மாற்றுக் காணிதான் இல்லை. (மண்சரிவுக்குக் காரணங்கள் வேறும் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

அதனால் நான் கேட்பது மூன்று. கான் வாருவதைப் பெயர் போடும் (நாட்சம்பளம் கணக்கில் வரும்) வேலையாகக் குத்தகை நிபந்தனையிலேயே எழுதட்டும். ஐப்பசிக்கு முன் விவசாயத் திணைக்களத்து அதிகாரி மலையில் ஏறிப் பார்த்துக் கையொப்பமிடட்டும். லயத்து மரக்கறித் துண்டுகளுக்கு உறுதி கொடுக்கட்டும், வீட்டுக்கு மட்டுமல்ல.

நன்றி, வணக்கம்.