நாலு கதை, ஒரு தொட்டில், ஓடாத டிவிடி

மக்களே வணக்கம். கண்ணு ஏன் வீங்கியிருக்குன்னு கமெண்ட்ல கேக்காதீங்க, தூக்கம் இல்ல, அவ்ளோதான். நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் 'இன்டாலரன்ஸ்' (சகிப்பின்மைன்னு அர்த்தம்) பாத்தேன். போன வீடியோல "டிஸ்க் வருது, வருது"ன்னு குதிச்சேனே, அதே படம். 1916, இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித். பேச்சே இல்லாத படம், சுமார் மூணு மணி நேரம்.

முதல்ல அந்த டிஸ்க் கதையைக் கொட்டிடறேன், இல்லன்னா எனக்கு ஆறாது. 2,350 ரூபாய்! பிளேயர்ல போட்டா "ரீஜன் தப்பு"ன்னு ஒரு வரி, மேற்கொண்டு ஒண்ணும் வரல. டிவிடிக்கு நாட்டுக்கு நாடு ஒரு பூட்டு நம்பர் உண்டு, அதுதான் ரீஜன். அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்ம ஊரு 5. வித்தவர் அதை எங்கயும் போடல. கேட்டா "டிஸ்க்ல கீறல் இல்லையே சார்"ங்கறார். இல்லதான், டீ டம்ளருக்கு அடியில அழகா வைக்கலாம். காப்புரிமை முடிஞ்ச படம், நெட்ல சும்மாவே கிடைக்கும், தெரியும். ஆனா நான் பாத்த பிரதில ஆளுங்க எறும்பு மாதிரி ஓடறாங்க, முகமே தெரியல. கடைசில மேல் வீட்டு அங்கிள் ஒரு பழைய பிளேயர் கொடுத்தார். கம்பெனி பேரே தேஞ்சு போச்சு, ஆனா எதைப் போட்டாலும் தின்னுது. ஓடிச்சு! நான் கத்தின கத்துல ஆன்ட்டி கரண்டியோட இறங்கி வந்துட்டாங்க.

சரி, படம். கி.மு. 539ல பாரசீக மன்னன் சைரஸ்கிட்ட பாபிலோன் விழறது ஒரு கதை. ஏசு கதை ஒண்ணு. 1572ல பாரிஸ்ல புராட்டஸ்டன்ட்காரங்களைக் கொன்னு குவிச்சது ஒண்ணு. அப்புறம் அந்தக் காலத்து அமெரிக்காவுல ஒரு ஏழை ஜோடி. ஒண்ணு முடிச்சு அடுத்தது இல்ல, நாலையும் சடை மாதிரி பின்னியிருக்கார். முதல் ஒரு மணி நேரம் எனக்கு செம எரிச்சல். ஏசு கதை ஊறுகாய் மாதிரி, தொட்டுக்க மட்டும். காசெல்லாம் பாபிலோனுக்குத்தான். அந்தப் பிரம்மாண்டமான செட்டுல தூணுக்குத் தூண் யானைச் சிலை. பாபிலோன்ல யானைக்கு என்ன வேலை? 1914ல இத்தாலில வந்த 'கபீரியா' படத்தைப் பாத்து வந்த ஆசை அது.

ஆனா கடைசிப் பகுதி இருக்கே! பாபிலோன் கதைல வர்ற மலைப்பொண்ணு தேர்ல ஏறி எதிரி வர்றான்னு சொல்லப் பறக்கறா. டக்குனு, அமெரிக்கக் கதைல தூக்கை நிறுத்தச் சொல்ல, கவர்னர் போற ரயிலை ஒரு கார் துரத்துது. டக்குனு சிலுவை. ஒவ்வொரு காட்சித் துண்டும் சின்னதாகிட்டே வருது. சோவியத் இயக்குநர்கள் எடிட்டிங்குக்கு இதைத்தான் உக்காந்து படிச்சாங்க. தூக்குமேடையில மூணு பேர் நூல் மேல கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கறாங்க, அறுத்தா தூக்கு விழும், என் காபி ஆறிப்போச்சு.

ஐயோ, தொட்டிலை விட்டுட்டேன்! ஒரு கதைலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும்போது நடிகை லிலியன் கிஷ் ஒரு தொட்டிலை ஆட்டிக்கிட்டே இருக்காங்க. நாலாவது தடவைக்கு மேல எனக்குப் போதும்னு ஆயிடுச்சு. இன்னொண்ணு, அமெரிக்கக் கதையோட கோர்ட் சீன்ல நடிகை மே மார்ஷோட கை. முகத்தை விட்டுட்டு, ஒண்ணையொண்ணு பிசையற விரலை மட்டும் க்ளோசப்ல காட்டறாங்க. அதை நான் மூணு தடவை ரீவைண்ட் பண்ணேன்.

கிரிஃபித் முந்தின வருஷம் என்ன எடுத்தார்னும் சொல்லணும். 'தி பர்த் ஆஃப் எ நேஷன்', கு கிளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலைத் தூக்கிப் பிடிச்ச படம். 'இன்டாலரன்ஸ்' அதுக்கு மன்னிப்புன்னு சிலர் அளப்பாங்க. கிடையாது. அந்தப் படத்துக்காகத் தன்னைத் திட்டினவங்கதான் சகிப்புத்தன்மை இல்லாதவங்கன்னு காட்டத்தான் எடுத்தார். எனக்கு அவரைப் பிடிக்காது, அந்தக் கையைப் பிடிக்கும்.

1919ல பாபிலோன் கதையையும் அமெரிக்கக் கதையையும் வெட்டி ரெண்டு தனிப்படமா விட்டார், போட்ட காசை எடுக்கணுமே. 'இன்டாலரன்ஸ்'ஐக் கிண்டல் பண்ணி 1923ல காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் 'த்ரீ ஏஜஸ்' எடுத்தார். அடுத்த வாரம் அதுதான். அங்கிள், பிளேயர் இன்னும் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும், ப்ளீஸ்.