சாவு வீட்டில் பணப்பை யார் கையில்?

எல்லோருக்கும் வணக்கம். மகளிர் குழுக் கூட்டத்தில் சாவுச் செலவைப் பற்றிப் பேசுகிறாளே என்று பின்வரிசை அக்கா ஒருவர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பேசித்தான் ஆக வேண்டும் அக்கா. குழுவில் கடன் கேட்கிறவர்கள் கல்யாணம், காதுகுத்து, படிப்பு என்று காரணம் சொல்கிறார்கள். கருமாதிக்கு என்று கேட்க மட்டும் கூச்சம். அதை வெளியே வட்டிக்கு வாங்குகிறோம்.

உயிர் போன முதல் சில மணி நேரத்திலேயே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வது அழுதுகொண்டிருக்கும் மனைவியோ மகனோ இல்லை. வாசலில் நிற்கும் பங்காளி ஒருவர் போனை எடுத்து, “பந்தலுக்குச் சொல்லிட்டேன், ஐஸ் பெட்டி வருது, மேளமும் பூ ரதமும் பேசிட்டேன்” என்பார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் வாடகை எவ்வளவு, ராத்திரிக்குத் தனிக் கணக்கா என்று கேட்க மாட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பில் மகன் கைக்கு வரும். அப்போது வாய் திறந்தால், “பெத்தவனுக்குப் போய்க் கணக்குப் பாக்குறான்” என்ற பேச்சு வேறு.

அதனால் பணத்தையும் ஒரு நோட்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள். மருமகனோ, மச்சானோ, பக்கத்து வீட்டு டீச்சரோ, கொஞ்சம் நிதானமாக இருக்கிற ஆள். அவரைக் கேட்காமல் யாரும் எதையும் வரச்சொல்லக் கூடாது. பிள்ளைகள் எல்லாம் உள்ளூரிலேயே இருந்தால் ஐஸ் பெட்டி எதற்கு என்று கேட்கும் தெம்பு அவருக்குத்தான் இருக்கும்.

அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377-க்குப் போன் செய்யுங்கள். இலவச அமரர் ஊர்தி வீடு வரை கொண்டுவந்து விடும். இது தெரியாமல் கேட்டில் நிற்கும் தனியார் வண்டிக்குப் பணம் கொடுக்கிறார்கள். எரிவாயு தகனமேடை என்றால் கட்டணத்தை முதலிலேயே கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமே பதியலாம்.

அப்புறம், இறந்தவரின் பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கும். வாரிசுக்கு 2 லட்சம் வரும். கட்டடத் தொழிலாளி என்றால் நல வாரிய அட்டையைத் தேடுங்கள், ஈமச்சடங்கு உதவி உண்டு. புதுப்பிக்காத அட்டையை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். இன்றைக்கே எடுத்துத் தேதி பாருங்கள்.

கடனில் தள்ளுவது பெரும்பாலும் பதினாறாம் நாள்தான். பத்திரிகை, ஃப்ளெக்ஸ், கிடா விருந்து, வந்தவர்களுக்குப் பாத்திரம்! செத்தவர் உயிரோடு இருந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுக்காதவர்தான் பந்தியில் கறி போதவில்லை என்பார். படையல் வீட்டோடு போதும் என்று பெரியவர்களே முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்குப் பழி வராது.

குழுச் சேமிப்பில் ஒரு ஷாமியானாவும் ஐம்பது நாற்காலியும் வாங்கிப் போட்டால் வாடகை மிச்சம். டவுனில் விலை விசாரித்து வர யார் போகிறீர்கள்? கை தூக்குங்கள்.